யாருடைய சொல் முதலில் கேட்கப்பட வேண்டும்?

சென்ற ஆண்டு மும்பை செம்பூரில் என் பெரியப்பா மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு வென்டிலேட்டரில் கிடந்தார். பன்னிரண்டாம் நாள், நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டு, கருவியை எடுப்பது பற்றி டாக்டர் பேச்செடுத்தார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் சித்தப்பாதான் "கூடவே கூடாது" என்றார்.

அன்றிரவு எனக்கு அருணா ஷான்பாக்கின் நினைவுதான் வந்தது. மும்பையிலேயே பரேல் பகுதியிலுள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அவரை 1973 நவம்பரில் அங்கு வேலை பார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கித் தாக்கியதில், மூளைக்கு உயிர்வளி செல்வது தடைபட்டது. 2015 மே 18 அன்று இறக்கும்வரை அந்த மருத்துவமனையிலேயே கிடந்தார். அவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. மூச்சு தானாகவே வந்தது. அவருடைய மூளை இறந்துவிடவும் இல்லை. ஆகவே எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நிறுத்தக் கேட்டது உணவைத்தான். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அதை மறுத்தது. ஆயினும் மீள முடியாத நோயாளிக்கு, உயர் நீதிமன்ற அனுமதியுடன், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்ற வழியை அதே தீர்ப்பு திறந்துவிட்டது. அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனையினருக்கே உண்டு என்றும் அது கூறியது. படுக்கைப்புண் வராமல் பல்லாண்டுகள் அவரைப் புரட்டிப்போட்டுத் துடைத்த கைகளுக்கு அந்த உரிமை இருப்பது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கைகளின் அன்பும் அருணாவின் விருப்பமும் ஒன்றல்ல. அவருடைய விருப்பம் என்னவென்று எவருக்கும் தெரியாது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018-இல் சொன்னது. உயிருடன் இருக்கும்போதே விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றது. 2023-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, நோட்டரி முன்பாகவே கையெழுத்திட வழி வந்தது. மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஒப்பவேண்டும். குடும்பத்தாரின் சம்மதமும் வேண்டும்.

பெரியப்பா எதையும் எழுதிவைக்கவில்லை. பதினான்காம் நாள் பெரியம்மா வாய்திறந்தார். பாட்டி மூக்கில் குழாயோடு கிடந்தபோது, "எனக்கு இப்படிச் செய்துவிடாதே" என்று பெரியப்பா சொன்னாராம். அதைச் சித்தப்பாவிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது; மூன்றாம் முறை அவர் அழுதார்.

இரண்டு குழுக்களும் கையெழுத்திட்ட பின், பதினேழாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். முக்கால் மணிநேரம் அவர் தானாக மூச்சுவிட்டார்; அவ்வளவு நேரமும் பெரியம்மாவின் கை அவர் மார்பின் மேல் இருந்தது.

போன மாதம் நானும் என் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி முன் கையெழுத்திட்டேன். ஒரு நகலைத் திருநெல்வேலிச் சித்தப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.