மகாவம்சத்தின் 21ஆம் அத்தியாயம்

கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடித்து நீதி கேட்ட கதையை, வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் அம்மம்மா எனக்குச் சொன்னபோது, அது திருவாரூரில் நடந்தது என்றுதான் சொன்னார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் எடுத்துக்காட்டும் அந்தச் சோழனின் கதை, பாலி மொழியில் இலங்கையின் பௌத்த பிக்கு ஒருவராலும் பாடப்பட்டிருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அந்தப் பிக்கு பாடிய நூல், இலங்கை அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் மகாவம்சம். அந்தப் பெயரைக் கேட்டபடியேதான் நான் கொழும்பில் வளர்ந்தேன்; அதைப் பற்றிய வாதங்கள் எப்போதும் காதில் விழுந்தன, ஆனால் நூலைத் திறந்து பார்த்தவர் எங்கள் வீட்டில் எவரும் இருக்கவில்லை.

அதன் 21ஆம் அத்தியாயத்தில், சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுர அரசன் அசேலனை வென்று 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன், வழக்கென்று வரும்போது நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்று அறிமுகமாகிறான். அவனுடைய படுக்கையின் தலைமாட்டில் மணி தொங்குகிறது. திசவாவி ஏரியை நோக்கித் தேரில் சென்ற மகன், வழியில் தாயோடு படுத்திருந்த கன்றின் கழுத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிடுகிறான். பசு வந்து மணியை அடிக்கிறது. அதே சக்கரத்தால் மகனின் தலை துண்டிக்கப்படுகிறது. பாம்பிடம் குஞ்சைப் பறிகொடுத்த பறவைக்கும், வெயிலில் காயவைத்த அரிசியைக் காலம் தப்பிப் பெய்த மழையில் இழந்த கிழவிக்கும் அந்த மணி ஒலிக்கிறது. மிகிந்தலைக்குச் சென்று பிக்குகளை அழைத்துவிட்டுத் திரும்பும் வழியில் தன் தேரின் நுகம் பட்டுத் தூபி ஒன்று சிதைந்தபோது, இறங்கி வீதியில் படுத்து, இந்தச் சக்கரத்தாலேயே என் தலையையும் துண்டியுங்கள் என்று அமைச்சர்களிடம் சொல்கிறான் எல்லாளன். பெயர்ந்த கற்கள் 15. திருத்தியமைக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபண நாணயம். மகனுக்கு விதித்த தண்டனையைத் தனக்கும் கேட்கும் இந்தக் காட்சி, அம்மம்மா சொன்ன கதையில் இல்லாதது. அதனால் இந்த இடத்தை நான் பல முறை படித்திருக்கிறேன்.

தவறான சமயக் கொள்கையைக் கைவிடாதவனாக இருந்தும், தீய வழியில் செல்லாமையால் மட்டுமே அவனுக்கு இத்தகைய ஆற்றல் வாய்த்தது என்று ஆசிரியர் அந்த அத்தியாயத்தை முடிக்கிறார். தம் சமயத்தை அவர் ஒரு சொல்லாலும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்ச் சமயத்தவனின் அறத்தை மறைக்கவும் இல்லை.

மகாவம்சத்துக்கு முன்னர், ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட தீபவம்சத்திலும் எல்லாளன் வருகிறான். ஆனால் அங்கே அவனுக்கு உரியவை சில செய்யுள்களே: விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கின் வழியே செல்லாமல் நிகரின்றி ஆண்டான் என்று சுருக்கமாகப் புகழ்ந்துவிட்டு அந்நூல் நகர்ந்துவிடுகிறது. எல்லாளனைப் போரில் வென்று அரசேறிய சிங்கள மன்னன் துட்டகைமுனுவுக்கும் அதில் சில செய்யுள்கள்தாம். மகாவம்சத்தின் 37 அத்தியாயங்களிலோ, 22 முதல் 32 வரையான 11 அத்தியாயங்களை அவன் ஒருவனே எடுத்துக்கொள்கிறான். முன்னோர் தொகுத்த நூல் சில இடங்களில் மிக நீண்டும் சில இடங்களில் மிகச் சுருங்கியும் கூறியது கூறலுடனும் இருந்தது என்று மகாவம்சத்தின் தொடக்கமே சொல்கிறது. ஆகவே, எதை விரிப்பது என்ற தெரிவு, அனுராதபுரத்தின் மகாவிகாரை மடத்து மரபில் வந்த அதன் ஆசிரியர் மகாநாமருடையது. அந்தத் தெரிவைக் கவனியாமல் இந்நூலை வெறும் ஆண்டுக்குறிப்பாகப் படிப்பதும், வெறும் கட்டுக்கதையென்று ஒதுக்குவதும் ஒரே அளவு பிழை என்று நான் நினைக்கிறேன். ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும், நல்லோரின் மனத்தெளிவுக்காகவும் மனநடுக்கத்துக்காகவும் இயற்றப்பட்டது என்று நூலே தன் நோக்கத்தை அறிவித்துவிடுகிறது. பாலியில் அவை பசாதம், சம்வேகம்.

அந்த நடுக்கத்தை நான் உணர்ந்தது 25ஆம் அத்தியாயத்தில். வெற்றி பெற்ற துட்டகைமுனு, விளக்கொளியும் நடன மகளிரும் சூழ மாடத்தில் அமர்ந்திருந்தும், மாண்ட பெருஞ்சேனையை நினைத்து மகிழ்ச்சி இன்றி இருக்கிறான். அவனைத் தேற்ற வரும் எட்டு அரகந்தர்கள், அதாவது பற்றறுத்து விடுதலை எய்திய பிக்குகள், கொல்லப்பட்டவர்களில் பௌத்த நெறியை முழுதும் ஏற்ற ஒருவரும் பாதி ஏற்ற ஒருவருமாக, மனிதராகக் கொள்ளத்தக்கவர் ஒன்றரைப் பேரே என்கிறார்கள். இந்தச் சொற்களை என்னால் ஏற்க முடியாது. புத்தரின் போதனையில் இதற்கு இடமுண்டு என்றும் நான் நம்பவில்லை. எனினும் அரசனின் துயரத்தை விழுங்கிவிடாமல் எழுதிவைத்தவரும் அதே ஆசிரியர்தான்.

பிற்காலத் தொடர்ச்சியான சூளவம்சம் கண்டி இராச்சியத்தின் முடிவு வரை வருகிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இந்த ஏடுகளால் இந்திய வரலாறும் பயனடைந்ததை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். முல்கிரிகல விகாரையில் கிடைத்த உரைநூலின் துணையோடு மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1837இல் வெளியிட்ட பிரித்தானிய அதிகாரி ஜோர்ஜ் டேர்னர், கல்வெட்டுகளில் பியதசி என்று மட்டும் குறிக்கப்பட்ட அரசன் அசோகனே என்பதைத் தீபவம்சத்தின் சான்றைக் கொண்டு காட்டினார்.

எல்லாளன் விழுந்தது அனுராதபுரத்தின் தெற்கு வாயிலருகே. துட்டகைமுனு முரசறைந்து மக்களைக் கூட்டி, அவன் உடலை எரித்து, அவ்விடத்திலேயே நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான் என்கிறது மகாவம்சம். இலங்கையின் அரசர்கள் அவ்விடத்தை நெருங்கும்போது இன்றும் வாத்திய ஒலியை நிறுத்திவிடுகிறார்கள் என்று மகாநாமர் அடுத்த செய்யுளில் எழுதுகிறார். அவருடைய அந்த 'இன்று', எல்லாளன் இறந்து 600 ஆண்டுகளுக்கும் பிந்தியது.