போட்டோவைப் பார்த்தீங்க, சுவத்தையும் பாருங்க!

வெள்ளச் சேதம் பார்க்க வந்த அதிகாரிகளிடம் எங்கள் தெருவின் குறையைக் கொண்டுசேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தென்பெண்ணைக் கரையோரம் இருக்கிறவர்களுக்கு அடுத்த மழைக்காலத்திலாவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, 2024 டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதும், கடலூரில் எங்கள் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் தண்ணீர் சூழ்ந்ததும் தெரிந்த கதை. குடும்ப அட்டைக்கு அறிவித்த 2,000 ரூபாய் ரேஷன் கடையில் சிக்கலில்லாமல் கிடைத்தது. சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்றார்களே, அங்கேதான் வில்லங்கம்.

கணக்கெடுக்க வந்தவர் முழங்கால் சேற்றைப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டார். உள்தெருக் குடிசைகள் பட்டியலிலேயே இல்லை. அட்டையில் வேறு முகவரி உள்ளவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் பெயரும் ஏறவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "பட்டியல் மேல போயிடுச்சு" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில். குடிசைப் பணம், கரை உடைப்பு, முன்னெச்சரிக்கை மூன்றையும் எழுதியிருந்த மனுவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், எந்தத் துறைக்கு அனுப்புவது என்று. ஆத்திரம் வந்தாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான்.

பெரிய அதிகாரிகள் வந்த அன்று பந்தல் போட்டு வெள்ளப் படங்களை மாட்டியிருந்தார்கள். காலையிலிருந்து வெயிலில் நின்ற பெண்களை ஓரங்கட்டிவிட்டு, கரைவேட்டிகளே பேசி முடித்தார்கள். கார் கிளம்பும் நேரம் எதிர்வீட்டு அத்தை சத்தம் போட்டார்: "ஐயா, போட்டோவப் பாத்தீங்க, எங்க சுவத்தையும் வந்து பாருங்க!"

ஒரே ஒருவர் இறங்கி வந்தார். சாமி படம் இருந்த மாடத்துக்கும் மேலே சேற்றுக்கோடு. செம்பருத்திப் பூ ஒன்று சேற்றோடு காய்ந்து சுவரில் ஒட்டியிருந்தது.

"தண்ணி வர்றது எப்பம்மா தெரிஞ்சுது?"

"கோழி கத்துச்சு ஐயா. கால கீழ வச்சேன், தண்ணி. டிவியில கன அடின்னு சொல்றாங்க, எங்களுக்கு என்ன புரியும்? எங்க தெருவுக்கு எத்தன மணிக்கு வரும், மாட்ட அவுக்கணுமா, அதச் சொல்லுங்க."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நாங்கள் கொடுத்த எந்த மனுவையும்விட அத்தை கேட்டதுதான் பெரிது என்பேன். அணையிலிருந்து கடலூருக்குத் தண்ணீர் வந்துசேர நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் எங்கள் கைக்கு வந்திருந்தால் ஆடு மாடாவது தப்பியிருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தெருவே சேர்ந்து தனித்தனி மனுவாகக் கொடுத்தோம். மறு கணக்கெடுப்பு நடந்தது. பட்டியலைத் தெருவில் சத்தமாக வாசிக்கச் சொன்னோம், வாசித்தார்கள். விடுபட்ட பெயர்கள் அங்கேயே ஏறின. இதை எல்லா ஊரிலும் கேட்டு வாங்குங்கள்.

சுவரைக் கழுவுமுன் தண்ணீர்க்கோட்டைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். கரன்ட் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் செய்தால் நேரத்தை எழுதிவையுங்கள். வாடகைக்கு இருந்தவர்களின் மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒப்புகைச் சீட்டு எண்ணைச் சொன்னால்தான் பதிலே கிடைக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள்.