கப்ஸ் கோயில்ல ஒரு கைத்தட்டு

எங்க கடலூர்ல சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கற அண்ணன் ஒருத்தருக்கு வித்தியாசமா ஒரு வேலை வந்துச்சு. பூசை நின்னுபோய் பூட்டிக் கெடக்குற ஒரு சின்ன மாதா கோயில கச்சேரி நடத்துற எடமா மாத்தணும், என்ன செலவாகும்னு கேட்டாங்களாம். எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி பெரிய கோயில்ல சத்தம் எப்படி நிக்குதுன்னு காதால கேக்கணும்னு பாண்டிக்கு பைக்க எடுத்துட்டாரு, பின்னாடி நான். அரியாங்குப்பம் டிராபிக் பத்தி தனிப் பதிவே போடலாம், விடுங்க.

மொதல்ல துய்மா வீதி கப்ஸ் கோயில், 1855ல கட்டினது. ஆளில்லாத மத்தியான நேரம். கோயில்பிள்ளைகிட்ட கேட்டுட்டு அண்ணன் ஒரே ஒரு தட்டு தட்டினாரு, கைய இறக்கின பிறகும் சத்தம் மேலயே சுத்திக்கிட்டு கெடந்துச்சு. அப்புறம் மெதுவா ஒரு ஆலாபனை இழுத்தாரு பாருங்க (குரல் சுமார்தான், அவரே சொல்வாரு), யாரோ பெரிய வித்வான் பாடுற மாதிரி ஆயிடுச்சு. ஆனா வேகமா சொல்கட்டு (தாளத்த வாயால சொல்றது) சொன்னதும் தகதிமி தகஜணு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கூழா போச்சு.

"தம்பி, இதான் விசயமே. கல்லு, சுண்ணாம்புப் பூச்சு, ஒசந்த கூரை, சத்தத்தக் குடிக்க ஒண்ணுமே இல்ல"ன்னாரு. பேச்சுக்கு ஒரு செகண்டு ரிவெர்ப் (சத்தம் நின்ன பிறகும் உள்ளயே முழங்கிட்டு இருக்கற நேரம்) போதும், ஆர்கெஸ்ட்ராவுக்கு ரெண்டு செகண்டு வரைக்கும் சுகம், பெரிய கல்கோயில்ல நாலஞ்சு செகண்டு கூட நிக்கும். மெதுவா இழுத்துப் பாடுற பூசைப் பாட்டுக்கு அது வரம். மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு? கஷ்டம். தவில் பத்தி பேசவே வேணாம்.

இத மொதல்ல அளந்தவர் ஹார்வர்ட்ல இருந்த வாலஸ் சபைன், 1895 வாக்குல, லெக்சர் ஹால் ஒண்ணுல பேசுறது வெளங்கலன்னு ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைய தூக்கிட்டு வந்து போட்டு, ஒரு ஆர்கன் குழாயும் ஸ்டாப்வாட்சும் வச்சு கணக்கு எடுத்தாரு, விடியறதுக்குள்ள மெத்தைய திருப்பி வச்சாகணும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கும் போனோம், கூட்டம், தட்ட முடியல.

திரும்பி வர்றப்ப டீக்கடைல லண்டன் செயின்ட் லூக்ஸ் பத்தி நான் சொன்னேன். 1733ல முடிஞ்ச கோயில், அடிமண் இறங்கி 1959ல மூடிட்டாங்க, கூரையையும் பிரிச்சுட்டாங்க, நாப்பது வருசம் மொட்டைச் சுவரா நின்னத லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா எடுத்து, உள்ள ஸ்டீல் தூண் நிறுத்தி அது மேல புதுக் கூரை போட்டு, 2003ல திறந்தாங்க. அண்ணனுக்கு அந்த தூண் ஐடியா ரொம்ப பிடிச்சுப் போச்சு.

இன்னொண்ணும் இருக்கு. கத்தோலிக்க சபைச் சட்டத்தோட 1222ஆவது விதிப்படி கோயில வேற வேலைக்கு விடணும்னா ஆயர் ஆணை வேணும், அதுவும் அசிங்கமான உபயோகமா இருக்கக் கூடாது. நம்ம பக்கம்னா புதுவை-கடலூர் பேராயர்தான். அத வாங்கியாச்சான்னு கேட்டா பதில் இல்ல.

அண்ணன் எஸ்டிமேட்ல மொத வரி கூரை. ரெண்டாவது, கம்பில ஓடுற கனமான திரை, பாட்டுன்னா ஒதுக்கிடலாம், மிருதங்கம்னா இழுத்து மூடிடலாம். ஸ்பீக்கர் கடைசி வரில, சின்னதா நாலு. கேட்டவங்களுக்கு இது பிடிக்கல, மொத்தம் எத்தனை வாட்ஸ் வரும்னு மட்டும் திரும்பத் திரும்ப போன் பண்றாங்களாம்.