சிறுபீளைக் கஷாயமும் சிஸ்பிளாட்டினும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு சேர்த்து வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டிருந்த என் சித்தியைப் பார்க்க, மூன்றாவது ஊசி முடிந்த மறுநாள் தக்கலைக்குப் போயிருந்தேன். அடுக்களையில் ஒரு நெளிந்த அலுமினியப் பாத்திரத்தில் சிறுபீளை வேரோடு கொதித்துக்கொண்டிருந்தது. வெண்பஞ்சு போன்ற பூக்கள் நுரையோடு மேலே மிதந்தன. நான்கு தம்ளர் தண்ணீரை ஒன்றாக வற்ற வைத்துக் காலையும் மாலையும் குடித்தால் மருந்தின் சூடு சிறுநீரகத்தைத் தாக்காது என்று பக்கத்து வீட்டார் சொல்லி, வயல் வரப்பிலிருந்து பறித்தும் கொடுத்திருந்தார்கள். "பொங்கலுக்குக் கட்டுற பூதானே மக்களே, அதுல என்ன வந்திரப் போவுது?" என்றார் சித்தி.

எனக்குச் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் மருந்தியல் முதுகலைப் படிப்பில் இதே செடியின் சாற்றை எலிகளுக்குப் புகட்டியவன் நான். சிஸ்பிளாட்டினால் எலிகளுக்கு ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பைச் சிறுபீளைச் சாறு குறைத்ததாக 2004-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் அந்தத் தலைப்பை எடுத்தேன். ஆகவே பக்கத்து வீட்டார் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளவும் என்னால் இயலவில்லை.

சிஸ்பிளாட்டின் பிளாட்டினத்தால் ஆன மருந்து. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், பாக்டீரியாக்கள் வளரும் கரைசலில் பிளாட்டினக் கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தியபோது அந்தப் பாக்டீரியாக்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போனதைக் கண்டார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வு 1978-இல் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக முடிந்தது. செல் பிரிவதைத் தடுப்பதே அதன் பலம். ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இரத்தத்திலுள்ள கழிவை உள்ளிழுக்க வைத்திருக்கும் அதே வாசல்கள் வழியாக இந்த மருந்தையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக அங்கே தேங்கும் மருந்து, செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைத்து, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் அழற்சியையும் கிளப்பி, அந்தச் செல்களையே கொல்கிறது. இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் பொருள்கள் செடிகளில் ஏராளம் என்பதால்தான் மஞ்சள், இஞ்சி, மூக்கிரட்டை, நெருஞ்சில் என்று ஒவ்வொன்றாக எலிகளிடம் சோதிக்கப்படுகின்றன.

அந்தச் சோதனை நடக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் எல்லையும் புரியும். காய்ந்த பொடியைச் சாக்ஸ்லெட் கருவியில் ஆல்கஹாலோடு மணிக்கணக்கில் சுற்றவிட்டு, வடித்த திரவத்தை நீர்க்குளியல் மேல் வற்ற வைத்தால், கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தார் போல் ஒட்டும் கரும்பச்சைப் பசை கிடைக்கும். எனக்கு 100 கிராம் பொடிக்கு 9 கிராம் கிடைத்தது. அதைக் கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் வீதம், நுனியில் குமிழ் வைத்த ஊசியால் எலியின் தொண்டை வழியே பல நாள் புகட்டிய பிறகே, வயிற்றுக்குள் ஒரே ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி போடுவோம். ஐந்தாம் நாள் இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியேட்டினினும் யூரியாவும் குறைந்திருந்தால் செடி காத்தது என்று எழுதுவோம்.

எலிக்குரிய அளவை மனிதருக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 50 கிலோ எடையுள்ள சித்திக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 3.2 கிராம் பசை, அதாவது ஏறக்குறைய 36 கிராம் காய்ந்த செடி. அதுவும் ஆல்கஹாலில் இறங்கிய சாறு. தண்ணீரில் வேறு பொருள்கள் இறங்கும் என்பதால் அந்த அலுமினியப் பாத்திரத்தில் இருந்தது நான் எலிக்குக் கொடுத்த பொருளே அன்று. அதைவிடப் பெரிய சிக்கல், என் எலிகளுக்குப் புற்றுநோய் இல்லை. சிறுநீரகச் செல்லைக் காப்பாற்றும் பொருள் கட்டியின் செல்லையும் காப்பாற்றிவிடாதா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையில் இடமே கிடையாது. குழந்தைகளுக்குச் சிஸ்பிளாட்டினால் காது கேளாமல் போவதைக் குறைக்க 2022-இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட சோடியம் தயோசல்பேட்டைக்கூட, கட்டியின் மீது மருந்து வேலை செய்ய விட்டு, ஊசி முடிந்து 6 மணி நேரம் கழித்தே ஏற்றுகிறார்கள். காலையும் மாலையும் குடிக்கும் கஷாயத்துக்கு அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது?

செடி என்பதாலேயே சிறுநீரகத்துக்குத் தீங்கில்லை என்பதும் சரியல்ல. நம் தோட்டங்களில் காய்த்துத் தொங்கும் பிலிம்பியின் சாற்றைக் கொழுப்பு குறைய வேண்டுமென்று நிறையக் குடித்த பத்துப் பேருக்கு, ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். கருடக்கொடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி பெல்ஜியத்தில் மெலிவதற்கான மருந்தில் தவறுதலாகக் கலந்து, பல பெண்களின் சிறுநீரகத்தைப் பறித்தது 1990-களில் நடந்தது. மருந்துவாழ்மலை நிற்கும் மாவட்டத்தில் பிறந்து இதைச் சொல்வது சற்றுச் சங்கடம்தான். ஆனால் பழைய வைத்தியர்கள் நோயாளியின் நாடி பிடிக்காமல் செடியைக் கொடுத்ததில்லை.

ஊசிக்கு முன்னும் பின்னும் உப்பு நீரை ஏற்றிச் சிறுநீரைப் பெருக்குவதும், மருந்தால் வெளியேறும் மக்னீசியத்தை ஈடு செய்வதும் மனிதர்களிடம் பலன் தந்தவை. சித்தியின் கோப்பைப் புரட்டினேன். முதல் ஊசிக்கு முன் கிரியேட்டினின் 0.8, மூன்றாவதுக்குப் பின் 1.3. ஆய்வகச் சீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை, ஆனாலும் அது ஒன்றரை மடங்குக்கு மேல்.

மறுநாள் கஷாயம் உட்பட அவர் வாயில் போடும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சிறுபீளையைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்தச் சொன்ன அவர், தாளின் கடைசி வரிக்கு வந்ததும் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டார். முழங்கால் வலிக்காகச் சித்தி தினமும் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோபெனாக் மாத்திரை அது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையைச் சிஸ்பிளாட்டினோடு சேர்க்கவே கூடாது என்று பாடம் படித்தவன் நான். முந்தைய தீபாவளிக்கு வந்திருந்தபோது பத்து அட்டைகள் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனவனும் நானே. நான்காவது ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்கு முன் எடுத்த இரத்தத்தில் கிரியேட்டினின் 0.9 இருந்தது.