எத்1 வழியா போச்சா?

"பதில் வருதுல்லண்ணா, அப்புறம் என்ன?" என்று அந்தப் பையன் கேட்டபோது நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

ஒரு லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட் லைன்: முதலாவது எத்0 என்ற போர்ட்டில், இரண்டாவது எத்1-இல். அந்த இரண்டாவது லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையில், எங்கிருந்து அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஹைஃபன் ஐ-யை அவன் போட்டு எத்1-இன் ஐபியைக் கொடுத்தான். 100 சதவீத லாஸ், ஒரு பதிலும் இல்லை. ஆனால் எத்1-இல் வரும் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டினால் எக்கோ ரிப்ளை, அதாவது பிங்கின் பதில், மட்டும் வரிசையாக வந்து விழுகிறது, ரிக்வெஸ்ட் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எத்0-இல் போய்க்கொண்டிருக்கிறது. ஐபியைக் கொடுத்தால் லினக்ஸ் அதை சோர்ஸ், அதாவது அனுப்புநர், முகவரியாக மட்டும்தான் வைத்துக்கொள்ளும். வெளியே போகும் வழியை முடிவு செய்வது ரூட்டிங் டேபிள் என்ற வழிப் பட்டியல், அதில் தனி வழி இல்லாததெல்லாம் போகும் எங்கள் டீஃபால்ட் ரூட்டோ எத்0. பாக்கெட் வந்த போர்ட்டும், அதை அனுப்பிய முகவரிக்குத் திரும்பிப் போகும் போர்ட்டும் ஒன்றா என்று பார்க்கும் ஆர்பி_ஃபில்டர் என்ற செட்டிங் கண்டிப்பான 1-இல் இருந்ததால், எத்1-இல் வந்த பதிலை லினக்ஸின் மையமான கெர்னல் தூக்கிப் போட்டுவிட்டது. டிசிபிடம்ப் அதற்கு முன்பே பார்த்துவிடும், அதனால்தான் குழப்பம்.

அவன் ஆர்பி_ஃபில்டரை 2 ஆக்கினான், திரும்பிப் போக எந்தப் போர்ட்டில் வழி இருந்தாலும் ஏற்கும் தளர்வான நிலை அது. பிங் வந்துவிட்டது, கூடவே அந்தக் கேள்வியும். "வந்தது எத்1, போனது எத்0. பாதி லைனைத்தான் நீ டெஸ்ட் பண்ணியிருக்கே," என்றேன். ஓகே சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

சரி என்று ஐபிக்குப் பதில் எத்1 என்ற பெயரையே கொடுத்துப் பார்த்தோம். ஹோஸ்ட் அன்ரீச்சபிள். அந்தப் பக்கம் ரூட்டே கிடையாது, அதனால் வேறு ஊரில் இருக்கும் சர்வரைப் பக்கத்து வீடு மாதிரி நினைத்து அதே ஒயரில் ஆர்ப், அதாவது இந்த ஐபி யாருடையது என்று, கேட்டுக்கொண்டிருக்கிறது.

"நிஜ ட்ராஃபிக்கும் இந்த டேபிளைப் பார்த்துத்தானேண்ணா போகும்? அப்ப என் டெஸ்ட்டுதானே உண்மைக்குப் பக்கம்?" என்றான்.

இதுதான் உறுத்துகிறது. எத்1-க்குத் தனி டேபிள், இந்த சோர்ஸ் என்றால் அந்த டேபிளைப் பார் என்று சொல்லும் ஐபி ரூல் எல்லாம் எழுதிய பிறகு போவதும் வருவதும் அதே வழியில் ஆனது உண்மை. நாளைக்கு எத்0 பக்கம் ஃபயர்வாலை யாராவது இறுக்கினால், இந்த சோர்ஸ் இங்கே ஏது என்று வெட்டிவிடும், அதனால் நான் பிடிவாதம் பிடித்ததில் தப்பில்லை. ஆனால் கேபிளை டெஸ்ட் பண்ணச் சொன்னார்களா, அப்ளிகேஷன் போகும் பாதையையா? அதை நானும் யாரிடமும் கேட்கவில்லை. 2 என்பதும் திருட்டு வேலை ஒன்றும் இல்லை, இரண்டு லைன் உள்ள இடங்களில் தெரிந்தே வைப்பதுதான்.

அப்புறம் ஒரு ராத்திரி வேறொரு சர்வரில் இதே கதை வந்தபோது, நானே 2 போட்டுவிட்டுக் கிளம்பினேன். ரூல் எழுத வேண்டும் என்று டிக்கெட் போட்டேன், அது இன்னும் ஓப்பனில்தான் இருக்கிறது.