ஆண்ட்ராய்டு செயலிக்கு யூனிட் டெஸ்ட் அமைத்த அனுபவம்

என் கைக்கு வந்த செயலியில் டெஸ்ட், அதாவது நிரலைத் தானாகச் சோதிக்கும் நிரல், எதுவும் கிடையாது. கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதியது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தள்ளுபடிக் கணக்கில் ஒரு விதியை மாற்றினாலும் செயலியைத் திறந்து, நாலு திரை தாண்டிப் போய்க் கையால் சரிபார்க்க வேண்டும். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்றுதான் இறங்கினேன்.

எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) என்று தேடுவதற்கு முன்னால், டெஸ்ட் எங்கே ஓடப்போகிறது என்பதை முடிவு செய்யவேண்டியிருந்தது. நம் கணினியில், ஜாவா, கோட்லின் நிரல்களை ஓட்டும் ஜேவிஎம்மிலேயே ஓடுவது ஒரு வகை. எமுலேட்டரிலோ (கணினியில் ஓடும் போலிப் போன்) நிஜப் போனிலோ ஓடுவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒவ்வொரு முறையும் செயலியைக் கட்டி, நிறுவி, அப்புறம்தான் டெஸ்ட் தொடங்கும். அவ்வளவு காத்திருந்தால் யாரும் அடிக்கடி ஓட்டமாட்டார்கள். அதனால் கணக்கு, விதிகள், வியூமாடல் (திரைக்கான தரவைத் தயாரிக்கும் பகுதி) எல்லாம் ஜேவிஎம்மில். டேட்டாபேஸ் மைக்ரேஷனும் (பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது) முக்கியமான சில திரைகளும் மட்டும் எமுலேட்டரில் என்று பிரித்தோம்.

ஜேவிஎம்மில் ஓட்டும்போது முதலில் முட்டுவது ஆண்ட்ராய்டு வகுப்புகள் (கிளாஸ்கள்). அங்கே கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஜார் (வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்பு) வெறும் கூடு. உள்ளே எந்த மெத்தடைக் கூப்பிட்டாலும் ‘மாக் செய்யப்படவில்லை’ (போலி வைக்கப்படவில்லை) என்று எக்ஸெப்ஷன், அதாவது பிழை, வரும். செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் ஒரு அமைப்பை மாற்றினால் அது நின்றுவிடும், ஆனால் அதற்குப் பதில் எல்லாமே நல் (எதுவுமில்லை), பூஜ்யம், ஃபால்ஸ் என்று திருப்பித் தரும். அதை நான் இயக்கவே இல்லை. காலி ஸ்ட்ரிங்கை (எழுத்தே இல்லாத சரத்தை) ‘காலியா?’ என்று ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட்யூட்டில்ஸ் வகுப்பிடம் கேட்டால் அது ஃபால்ஸ் என்று சொல்லும். டெஸ்ட் தேறியதாகப் பச்சையில் தெரியும், பதிலோ தவறு. எக்ஸெப்ஷன் வந்த இடங்களிலெல்லாம் கோடையே (நிரலையே) பிரித்து, ஆண்ட்ராய்டைத் தொடாத வகுப்புகளாக மாற்றினோம். வேலை அதிகம்தான், ஆனால் இந்த முழு முயற்சியிலும் அதிகப் பயன் தந்தது அதுதான். கான்டெக்ஸ்ட் (ஆண்ட்ராய்டின் வசதிகளை அணுக உதவும் பொருள்) இல்லாமல் முடியவே முடியாத சில வகுப்புகளுக்கு மட்டும், ஆண்ட்ராய்டை ஜேவிஎம்மிலேயே போலச் செய்யும் ரோபோலெக்ட்ரிக்.

டெஸ்ட்டுகளை எழுதி ஓட்டும் லைப்ரரியான ஜேயூனிட்டில் 4-ஆ 5-ஆ என்ற கேள்வி வந்தது. 2017-இல் வந்த 5-தான் எழுத இதமானது, முக்கியமாகப் பல உள்ளீடுகளை ஒரே டெஸ்ட்டில் ஓட்டுவதற்கு. ஆனால் ரோபோலெக்ட்ரிக்கும் கூகுளின் ஆண்ட்ராய்டெக்ஸ் டெஸ்ட் லைப்ரரியும் 4-இன் ரன்னர் (டெஸ்ட்டை ஓட்டும் பகுதி), ரூல் (டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் பகுதி) ஆகியவற்றை நம்பி எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டில் 5-ஐ வசதியாக ஓட்ட வெளியிலிருந்து ஒரு கிரேடில் பிளக்இன்னும் சேர்க்கவேண்டும். 4-லேயே நின்றோம். அதில் பல உள்ளீடுகளை ஓட்டும் பாராமீட்டர் ரன்னர் முழு வகுப்பையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தள்ளுபடி விதிகளுக்குத் தனி டெஸ்ட் வகுப்பு வைத்துக்கொண்டோம்.

மாக் செய்வதில்தான் குழுவில் நிறைய விவாதம். கோட்லினில் வகுப்புகள் இயல்பாகவே ஃபைனல் (நீட்டிக்க முடியாதவை), மாக் செய்யும் லைப்ரரியான மாக்கிட்டோவின் பழைய பதிப்புகள் இயல்பாக அவற்றைத் தொட மறுக்கும். மாக்கிட்டோ 5-ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு மாக் லைப்ரரியான மாக்கே கோட்லினுக்கென்றே எழுதப்பட்டது, சஸ்பெண்ட் ஃபங்ஷன்களையும் (நடுவில் நின்று பிறகு தொடரக்கூடியவை) நேராகக் கையாளும். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு மாக்கேயை வைத்துக்கொண்டோம், ஆனால் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதில்லை! ரெபாசிட்டரிக்கு (தரவை எடுத்துத் தரும் வகுப்பு) ஒரு இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் வேண்டும் என்ற பட்டியல்), டெஸ்ட்டுக்கு உள்ளே ஒரு லிஸ்ட் வைத்த சின்னப் போலி வகுப்பு, அவ்வளவுதான். ‘இந்த மெத்தட் ஒருமுறை கூப்பிடப்பட்டதா’ என்று சோதிக்கும் டெஸ்ட், உள்ளே கோடை ஒழுங்குபடுத்தினாலே உடைகிறது, பயனருக்கு எதுவும் மாறாதபோதும். போலி வகுப்பில் முடிவை மட்டும் பார்க்கிறோம். சர்வர் அழைப்புகளுக்கு போலி சர்வராக நிற்கும் மாக்வெப்சர்வர் போதுமாக இருந்தது.

கோரூட்டீன்களுக்கு (காத்திருக்கும் வேலைகளைப் பின்னணியில் நடத்தும் கோட்லின் வசதி) தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். வியூமாடல் மெயின் டிஸ்பாட்சரைத் (வேலையைத் திரைக்கான முதன்மை இழையில் ஓட்டுவது) தேடும், ஜேவிஎம்மில் அது கிடையாது. டெஸ்ட் டிஸ்பாட்சரை மெயினாக வைத்து, முடிந்ததும் பழையபடி மாற்றும் ஒரு ரூல் எழுதி எல்லா டெஸ்ட்டிலும் சேர்த்தோம். கோரூட்டீன் டெஸ்ட்டை ஓட்டும் ரன்டெஸ்ட் அருமையான வசதி: முப்பது விநாடி காத்திருந்து மறுபடி முயலும் கோடும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் அங்கே ஓடுவது கற்பனை நேரம். ஆனால் கோடுக்குள் ஐஓ டிஸ்பாட்சரை (கோப்பு, நெட்வொர்க் வேலைகளுக்கானது) நேராக எழுதியிருந்தால் அந்தப் பகுதி நிஜ நேரத்தில் ஓடும், டெஸ்ட் சில நேரம் தேறும், சில நேரம் விழும். டிஸ்பாட்சரைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக, அதாவது வகுப்பை உருவாக்கும்போதே வெளியிலிருந்து, கொடுங்கள். கடிகாரத்துக்கும் அதேதான், தள்ளுபடி முடியும் தேதியைச் சோதிக்க வேறு நல்ல வழி இல்லை.

இப்போது ஒவ்வொரு மெர்ஜுக்கு (மாற்றங்களை முதன்மை நிரலோடு சேர்ப்பது) முன்னாலும் ஜேவிஎம் டெஸ்ட்டுகள் ஓடுகின்றன, எமுலேட்டர் டெஸ்ட்டுகள் இரவில். திரையின் படத்தை ஒப்பிடும் ஸ்கிரீன்ஷாட் டெஸ்ட்டை இன்னும் தொடவில்லை. திரைகள் ஆண்ட்ராய்டின் புதிய திரை வடிவமைப்பு முறையான காம்போஸுக்கு மாறி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.