உள்ளங்கைத் திரையில் பதினான்கு வரி

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் சாமான் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு குண்டு பல்பு. பித்தளை, வெண்கலம், எனாமல் பூசிய மங்குச் சாமான், மரத்தில் கடைந்த மரவை என்று நான்கு தலைமுறையாகச் சேர்ந்ததெல்லாம் அங்கே அடுக்கடுக்காக நிற்கிறது. போன பொங்கலுக்குக் கூடியபோது, எந்தப் பங்குக்கு எது என்று பின்னால் பேச்சு வராமல் இருக்க எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கணினி தெரிந்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

கைப்பேசியில் எழுதியிருக்கலாம். நோட்டுப் புத்தகம் இன்னும் சுலபம். ஆனால் மேசை இழுப்பறையில் ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கணினி கிடந்தது. அதன் தலையில் செருகும் 3.5 அங்குலத் தொடுதிரையும், இரண்டு கட்டைவிரலால் தட்டும் வயர்லெஸ் விசைப்பலகையும் கிடந்தன. இத்தனையும் கிடக்கும்போது நோட்டு வாங்க மனம் வருமா? மூன்றையும் ஒரு பவர் பேங்கோடு சேர்த்து, பழைய தேக்குத் துண்டில் ஆசாரி ஒருவர் குடைந்து கொடுத்த சட்டத்துக்குள் அடக்கினேன். கையில் பிடித்தால் சிறிய செங்கல் கனம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பலகை 2021 அக்டோபரில் வந்தது. நான்கு கோர், 1 கிகாஹெர்ட்ஸ் வேகம். நினைவகம் 512 எம்பி மட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை முழு டெஸ்க்டாப்போடு வரும் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை ஏற்றிப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அழித்துவிட்டேன். பிறகு டெபியன் 12 லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பை ஏற்றி, அதன் மேல் திரையில் வரைவதற்கு எக்ஸ் சர்வரையும் ஜன்னல்களை நிர்வகிக்க ஓபன்பாக்ஸையும் மட்டும் வைத்தேன். திரையில் ஒன்றும் திறக்காத நிலையில் நூற்றுச் சொச்சம் எம்பிதான் செலவாகிறது. ஓபன்பாக்ஸ் பழைய பிளாக்பாக்ஸ் வழியில் வந்த ஜன்னல் நிர்வாகி. கூடவே பட்டையோ சின்னங்களோ எதையும் கொண்டுவராது. வெறும் சாம்பல் திரையில் ஒரு அம்புக்குறி நிற்கும். வேண்டியதை நாமே வைத்துக்கொள்ளவேண்டும்.

திரை சோதித்தது. இது எச்டிஎம்ஐ வழியாக வருவதில்லை, எஸ்பிஐ என்ற மெல்லிய கம்பி வழியாகப் படம் பெறுகிறது. 480க்கு 320 புள்ளி (பிக்சல்), ஒரு புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 24,57,600 பிட். கம்பியின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் நொடிக்கு ஆறரைப் படம்தான் போகும். 32க்கு உயர்த்தியதும் கணக்குப்படி பதின்மூன்று வந்தது. 40க்குப் போனபோது என் திரையில் இளஞ்சிவப்புக் கோடுகள் விழுந்தன, அதனால் 32லேயே நின்றுவிட்டேன். இந்த வேகத்தில் பக்கம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் கண் வலிக்கும். மென்மையான நகர்வு, மினுக்கும் கர்சர், நிழல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தாண்டும் விசையைப் பழகிக்கொண்டேன்.

படத்தைத் திருப்பினால் தொடுதலும் கூடவே திரும்பும் என்று நினைத்தது என் அறியாமை. திரை பிறப்பில் நெடுக்கு, நான் வைத்தது குறுக்கு. இடது மேல் மூலையைத் தொட்டால் அம்பு கீழ் மூலைக்கு ஓடியது. தொடுதிரைக்கென்று ஒன்பது எண்கள் கொண்ட அணி ஒன்றை எக்ஸ் அமைப்பில் எழுதவேண்டும். அதில் எந்த இடத்தில் கழித்தல் குறி வரும் என்பதை நான்கு தடவை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பிடித்தேன்.

இனி உயரக் கணக்கு. திரையைப் படம் பிடித்து, பெரிய கணினியில் போட்டு, புள்ளி புள்ளியாக எண்ணினேன். கீழ்ப் பட்டை 28, ஜன்னலின் தலைப்புப் பட்டை 22, எழுதும் செயலியின் மெனுப் பட்டை 26, அடியில் நிலைப் பட்டை 24. ஆக 100 புள்ளி போனது. எழுத மிஞ்சியது 220. தமிழ் வரி ஒன்றுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் உயரம் வேண்டும். மேலே விசிறி, சுழி, புள்ளி. கீழே உகரத்தின் வால். கண்ணுக்குச் சிரமம் இல்லாத அளவில் எனக்கு வரிக்கு 22 புள்ளி தேவைப்பட்டது. அப்படியென்றால் பத்தே வரி. பத்து வரியில் ஒரு தட்டு அடுக்கைக்கூட முழுதாகப் பார்க்கமுடியாது.

ஓபன்பாக்ஸின் அமைப்புக் கோப்பில், திறக்கும் எந்த ஜன்னலுக்கும் சட்டம் வேண்டாம், முழுத் திரையாகத் திற என்று ஒரே விதி எழுதினால் தலைப்புப் பட்டை ஒழிந்தது. ஜன்னலை மூடவும் மாற்றவும் விசைகள் போதும். நான் எழுதுவது மவுஸ்பேட் என்ற எளிய எழுதும் செயலியில். அதன் மெனுப் பட்டையையும் நிலைப் பட்டையையும் மறைத்துவிடலாம். கீழ்ப் பட்டையையும் எடுத்துவிட்டேன். இப்போது 320 புள்ளியும் எழுத்துக்கே. பதினான்கு வரி போக 12 புள்ளி மிச்சம்.

முழுத் திரை விதியால் ஒரு தொல்லை வந்தது. கோப்பைச் சேமிக்க வரும் சிறு பெட்டிகள் இந்தத் திரையைவிட உயரமானவை. சேமி என்ற பொத்தான் தரைக்குக் கீழே எங்கோ இருக்கிறது! ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை இழுத்தால் மேலே தள்ளலாம் என்பது பழைய வித்தை. தொடுதிரையில் அதைச் செய்ய மூன்றாவது கை வேண்டும். அதனால் ஜன்னலை 100 புள்ளி மேலே தள்ளும் விசை ஒன்றை ஓபன்பாக்ஸில் கட்டிவைத்தேன். பெரும்பாலும் என்டரைத் தட்டினாலே சேமித்துவிடுகிறது என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். இடைமுக மொழியையும் ஆங்கிலத்துக்கே மாற்றினேன். தமிழில் பொத்தான்களின் பெயர் நீண்டு பெட்டியை இன்னும் அகலமாக்குகிறது. எழுதுவது தமிழாக இருக்கட்டும், பொத்தான் எதுவாக இருந்தால் என்ன.

எழுத்துருவுக்கு மட்டும் இரண்டு வாரம் போனது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 165 புள்ளி. எக்ஸ் அதை 96 என்று எண்ணிக்கொள்கிறது. 10 பாயிண்ட் எழுத்து கேட்டால் 13 புள்ளி உயரத்தில் வரைகிறது. கையில் அது இரண்டு மில்லிமீட்டர். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கிண்ணம்' என்று அடித்தேன். நடுவில் இரண்டு கறுப்புப் பொட்டு. ண என்ற எழுத்துக்கு மூன்று சுழி, ன என்ற எழுத்துக்கு இரண்டு. அந்த அளவில் எல்லாச் சுழியும் அடைத்துப்போய் எது எது என்று தெரியவில்லை. அண்டாவும் அப்படியே. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித், மீரா இனிமை என்ற மூன்று எழுத்துருக்களையும் ஒரே சொல்லில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு நோட்டோ தெளிவாக இருந்தது. உயரத்தை 16 புள்ளிக்கு ஏற்றியதும் சுழிகளுக்குள் வெளிச்சம் வந்தது. விளிம்பை மென்மையாக்க ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகப் பயன்படுத்தும் முறையை அணைத்துவிடவேண்டும். திரையைத் திருப்பி வைத்திருப்பதால் அந்த வரிசையும் திரும்பிவிட்டது. அணைக்காவிட்டால் எழுத்தின் தலையில் வண்ணப் பிசிறு தொங்கும். வெள்ளை எழுத்து, கறுப்புப் பின்னணி. குண்டு பல்பின் கீழே வெள்ளைத் திரை கண்ணைக் குத்தியது, என் திரையில் பின்விளக்கைக் குறைக்க வழியும் இல்லை.

செயலியையும் கோப்பையும் பெயர் அடித்துத் திறக்க டிமெனு வைத்திருந்தேன். சின்னது, உடனே வரும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் தமிழில் பெயர் வைத்த கோப்புகளைக் காட்டச் சொன்னபோது 'கொட்டான்' (ஓலைக்கூடை) உடைந்து வந்தது. ககரம் முன்னால் நிற்க, கொம்பும் காலும் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்துருவில் கோளாறு என்று அரை நாள் தேடினேன். எழுத்துரு சரிதான். தமிழில் கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்கும் வேலையை வேறொரு நிரல் செய்யவேண்டும்; டிமெனு அதைக் கூப்பிடுவதே இல்லை, வந்த வரிசையில் வரைந்துவிடுகிறது. எக்ஸ்டெர்ம் முனையத்திலும் இதே கதை. அந்த வேலையைச் செய்யும் பாங்கோ நூலகத்தின் வழியாக எழுத்தை வரையும் ரோபி என்ற செயலிக்கு மாறியதும் கொட்டான் நிமிர்ந்தது. இலகுவான மென்பொருள் என்று பட்டியல் போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்கள் மொழியில் எழுத்துக்கு முன்னால் எதுவும் ஓடிப்போய் நிற்பதில்லை.

விசைப்பலகையில் வேறு வம்பு. நான் 1999இல் வந்த தமிழ் 99 முறையில் தட்டுபவன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். அதில் ந, ய, ச, ஞ நான்கும் எல் விசைக்கும் பி விசைக்கும் வலப்பக்கம் உள்ள குறியீட்டு விசைகளில் இருக்கின்றன. கட்டைவிரல் விசைப்பலகையில் அந்த விசைகளே இல்லை. இன்னொரு விசையை அழுத்திப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். 'பெரிய', 'சிறிய' என்று வரிக்கு ஒரு தடவை எழுதுபவனுக்கு யகரம் இப்படி ஒளிந்துகொண்டால் எப்படி? நல்லவேளையாக, பல மொழிகளில் தட்ட உதவும் எம்17என் நூலகத்தில் தமிழ் 99 என்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு. அதை நகலெடுத்து என் அடைவில் வைத்து, ஷிப்டோடு தகரத்தைத் தட்டினால் ந, மகரத்தைத் தட்டினால் ய, ணகரத்தைத் தட்டினால் ச, டகரத்தைத் தட்டினால் ஞ என்று நான்கு வரி சேர்த்தேன். தட்டுவதை எழுத்தாக மாற்றும் எப்சிஐடிஎக்ஸ் 5 நிரல் அதை மறுதொடக்கத்தில் எடுத்துக்கொண்டது. இப்போது பெரிய கணினியில் உட்கார்ந்தாலும் விரல் ஷிப்டுக்குப் போகிறது. அது தனிச் சங்கடம்.

மூன்றாவது ஞாயிறு நிஜ வேலை. அப்பத்தா முக்காலி போட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் கவிழ்த்து, விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும் விலாசத்தை, அதாவது வீட்டின் பெயரெழுத்துகளை, விரலால் தடவிச் சொன்னார். வெளிச்சத்தில் எனக்குத் தெரியாதது அவர் விரலுக்குத் தெரிந்தது. குத்துப்போணி, பித்தளை, 3. தூக்கு, மங்கு, பச்சை, 2. கெண்டி, வெண்கலம், 1, மூக்கு ஒடிந்தது. ஒரு வரிக்கு ஒரு சாமான், நடுவில் காற்புள்ளி. பிறகு பெரிய கணினியில் அட்டவணையாகத் திறந்துகொள்ளலாம்.

"இந்த ஓட்டையிலா இத்தனையும் அடங்கும்?" என்றார் அப்பத்தா, திரையைப் பார்த்து.

"இந்த வீட்டைப்போல நூறு வீட்டுச் சாமான் அடங்கும், அப்பத்தா."

சொல்லி வாய் மூடவில்லை, தாம்பாளம் ஒன்றை இறக்கும்போது முழங்கை பட்டு பவர் பேங்க் கம்பி பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது. கடைசியாகச் சேமித்தது எப்போது என்று நினைவில்லை. மறுபடி ஏற்றிப் பார்த்தபோது 43 வரி போயிருந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை; கவிழ்த்து வைத்த போணிகளை மறுபடி நிமிர்த்தத் தொடங்கினார். அதுதான் அதிகமாக உறைத்தது.

அன்றிரவே ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு தடவை, எழுதும் ஜன்னலுக்கு கண்ட்ரோல் எஸ் விசையைத் தானே அனுப்பி, பிறகு எல்லாவற்றையும் கார்டில் இறக்கு என்று கட்டளையிடும். அழகான வழி இல்லை. கம்பியைச் சட்டத்தோடு சேர்த்து நூலால் கட்டியும்விட்டேன், அதுவும் அழகில்லை.

மிச்சம் இருந்த அந்த 12 புள்ளி உயரத்தை வெகுநாள் சும்மா விட்டிருந்தேன். பதினைந்தாவது வரியின் தலை மட்டும் அதில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. விசிறியும் சுழியும் தெரியும், எழுத்து தெரியாது. இப்போது அங்கே 12 புள்ளி உயரத்தில் டின்ட்2 பட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். இடது பக்கம் கடைசியாகச் சேமித்த மணி, வலது பக்கம் கோப்பில் எத்தனை வரி என்ற எண். இலக்கத்துக்கு வாலும் கொம்பும் இல்லாததால் அந்த உயரத்திலும் படிக்க முடிகிறது. பவர் பேங்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்டத்தான் ஆசை, அதற்கு அந்தப் பவர் பேங்க் பலகையிடம் எதுவும் சொல்வதில்லை.

நேற்று மாலை அறையைப் பூட்டும்போது வலது மூலையில் 418 என்று இருந்தது. மரவைகள் இருக்கும் மேல் தட்டுக்கு ஏணி வேண்டும். அடுத்த வாரம் கோட்டையூரிலிருந்து தம்பி கொண்டுவருகிறான்.